முதல் பாத்தி

முதல் பாத்தியின் மண் சூடாக இருந்தது.

மார்கழி மாசம், விடிந்தும் விடியாத நேரம். போடிமெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டி, ஏலக்காட்டுக்கு நடுவில் இருக்கும் அந்தப் பங்களாத் தோட்டத்தில் கை பட்ட இடமெல்லாம் ஊசியாகக் குத்தியது. குழாயைத் திறந்தால் விரல் மரத்துப்போகிறது. வாளிப் பிடியைத் தொட முடியவில்லை. ராத்திரி முழுக்கப் பனியில் கிடந்த சாக்கு விறைத்துப்போய், தூக்கும்போது மொடமொடவென்று சத்தம் போடுகிறது. இதில் ஆறடி மண் மட்டும் எப்படிச் சூடாக இருக்கும்? அன்னக்கொடி உள்ளங்கையைக் கவிழ்த்து மறுபடியும் வைத்துப் பார்த்தாள். அடுப்புச் சூடு இல்லை, வெயில் சூடும் இல்லை. தூங்குகிற ஆளின் முதுகில் கை வைத்தால் தெரியுமே, அந்தச் சூடு.

"எரு வேகுது போல," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்தாள். மக்காத சாணியைப் போட்டால் மண் சூடேறத்தான் செய்யும். ஆனால் அதே எருவைத்தானே ஆறு பாத்திக்கும் போட்டோம் என்று நினைப்பு வந்தது. அந்த நினைப்பை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த சாக்கைத் தூக்கப் போனாள்.

சாக்கு நத்தைக்கு வைப்பது. குளிர் மாசத்தில்தான் பங்களாவுக்கு விருந்தாளிகள் வருவார்கள். அவர்கள் ஜீப்பை விட்டு இறங்கியதும் கண்ணில் படட்டும் என்று வாசலுக்கு நேரே டேலியா, பெட்டூனியா, சால்வியா, செண்டு எல்லாம் கலந்து ஆறு பாத்தி. பூ வைத்துப் பராமரிப்பது அன்னக்கொடியின் சோலி. பூவைத் தின்று தீர்ப்பது நத்தைகளின் சோலி. உள்ளங்கை அகலத்துக்கு ஓடு போட்டது ஒரு சாதி. ஓடே இல்லாமல் கொழகொழவென்று ஊர்கிறது இன்னொரு சாதி, அதை மலையாளத்து ஆட்கள் ஒச்சு என்பார்கள். சாயங்காலம் சாக்கை நனைத்து, உள்ளே முட்டைக்கோஸ் இலையை வைத்துப் பாத்தி ஓரத்தில் போட்டுவிட்டால், ராத்திரியெல்லாம் மேய்ந்துவிட்டு விடியும்போது அதற்குள் ஒடுங்கிக் கிடக்கும். அள்ளி உப்புத்தண்ணி வாளியில் கொட்ட வேண்டும். உள்ளே விழுந்ததும் நுரை நுரையாகக் கக்கும். அதைப் பார்த்துவிட்டுப் பழைய சோறு தின்பதற்கும் ஒரு மனசு வேண்டும்.

ஐந்து சாக்கில் அன்றைக்கும் அப்பிக் கிடந்தன. முதல் பாத்திச் சாக்கில் ஒன்றுகூட இல்லை. இலையை ஒரு கடிகூடக் கடிக்கவில்லை. ஆனால் வரவில்லை என்றும் சொல்ல முடியாது. டார்ச்சை அடித்துப் பார்த்தால், மற்ற ஐந்து பாத்தியிலிருந்தும் பளபளவென்று கோடு கோடாக முதல் பாத்தியை நோக்கித்தான் போயிருந்தன. போய், ஒரு சாண் தள்ளி, நான்கு பக்கமும் நின்றுவிட்டுத் திரும்பியிருந்தன. பாத்திக்குள் டேலியா தாம்பாளம் தாம்பாளமாகப் பூத்திருந்தது.

"வராட்டிப் போ, சனியனே," என்றாள் அன்னக்கொடி.

குவார்ட்டர்ஸ் வாசற்படியில் அவள் புருசன் அழகுமலை கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருமிக்கொண்டிருந்தான். இருபது வருசம் ஏலச்செடிக்கு மருந்தடித்த நெஞ்சு அது. இரண்டு குட்டை இருமல், இழுத்து ஒரு நீட்டு இருமல், முடிவில் "முருகா" என்று ஒரு பெருமூச்சு. கூட்டத்தில் கண்ணைக் கட்டி விட்டாலும் அந்த இருமலை வைத்து அவள் அவனைக் கண்டுபிடித்துவிடுவாள்.

அவளுக்கென்று இந்த உலகத்தில் இருப்பது அந்த ஒரு ஆள்தான். பிள்ளை இல்லை. போடியில் பிறந்த வீடு இருந்தும் இல்லாத மாதிரி. சண்டை போட்டாலும் அவனிடம்தான், ஒட்டிக்கொண்டாலும் அவனிடம்தான். "எனக்கு முன்னாடி நீங்க போயிரக் கூடாது, சொல்லிட்டேன்" என்று அவள் சொன்னால், "சூப்பர்வைசருகிட்ட லீவு கேக்காம எங்க புள்ள போறது?" என்று சிரிப்பான். அந்தச் சிரிப்புக்காகவே அவள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்வாள்.

கடுங்காப்பியை நீட்டினாள். டம்ளரை வாங்கும்போது அவன் விரல் அவள் விரலில் பட்டது. கையை உதறாத குறை. குழாய்த் தண்ணீரைவிட ஜில்லென்று இருந்தது.

"என்னங்க இது, கையி இப்படிக் கெடக்கு?"

"மார்கழி புள்ள. எல்லாருக்குந்தான் குளிருது."

"எனக்கும் குளிருதுங்க. ஆனா என் கையி இப்படி இல்லையே."

அவன் காப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தான். ஆவி பறந்த காப்பி, பாதி குடிப்பதற்குள் அவன் கையிலேயே ஆறிப்போனது.

அன்றைக்குக் கையோடு இருந்தது. மறுநாள் பாதம். அதற்கு மறுநாள் முழங்கால் வரைக்கும். ராத்திரி கம்பளிக்குள் அவன் கால் தெரியாமல் பட்டால் அவளுக்குத் தூக்கம் போய்விடும். செங்கலைச் சுட்டுத் துணியில் சுற்றி வைத்தாள். சட்டியில் கரி போட்டுக் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள். பூப்பாறையில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் பிரஷர் பார்த்தார், ஊசி போட்டார், தெர்மாமீட்டரை இரண்டு தடவை உதறி வைத்துப் பார்த்துவிட்டு, "இது ரிப்பேர் போல" என்று மேசைக்குள் போட்டார். ஸ்வெட்டர் போடச் சொன்னார்.

அவன் உடம்பில் குளிர் ஏற ஏற, முதல் பாத்தியில் சூடு ஏறியது. நான்காம் நாள் விடியலில் பார்த்தால் அந்தப் பாத்தியிலிருந்து மட்டும் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. அன்னக்கொடி பக்கத்தில் போகவில்லை. இரண்டையும் சேர்த்து நினைக்கக் கூடாது என்று தலையை ஆட்டி ஆட்டித் தள்ளினாள். நினைப்பு கேட்டால்தானே.

அன்று ராத்திரி மழை இல்லை, காற்று இல்லை. ஏலக்காட்டில் எப்போதும் எதாவது சொட்டிக்கொண்டிருக்கும். அன்றைக்கு அதுவும் இல்லை. நனைந்த இலை மக்குகிற வாசனையும், மூலையில் கிடந்த மருந்து டப்பாவின் காரமும், அணைந்துபோன கரியின் புகையுமாக அறைக்குள் மூச்சை அடைத்தது. அன்னக்கொடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, தூங்கியும் தூங்காமலும் கிடந்தாள். இருமல் கேட்டது. இரண்டு குட்டை. ஒரு நீட்டு. வெந்நீர் கொடுக்கலாம் என்று பழக்கத்தில் கையை ஊன்றி எழுந்து, அவன் நெஞ்சைத் தடவிவிடத் திரும்பினாள்.

அழகுமலை மல்லாந்து படுத்திருந்தான். வாய் மூடியிருந்தது. கண் திறந்திருந்தது.

மறுபடியும் இருமல்.

ஜன்னலுக்கு வெளியே இருந்து.

பூப்பாத்திப் பக்கம் இருந்து. "முருகா" என்று, மண்ணை மென்றுகொண்டே சொல்வது போல.

"ஏங்க," என்றாள். "ஏங்க, நீங்க இருமுனீங்களா?"

"இல்லையே," என்றான் பக்கத்தில் இருந்தவன். "எனக்கு இருமல் நின்னு போச்சு."

விடியும் வரைக்கும் அவள் உட்கார்ந்தே இருந்தாள்.

பங்களாவில் சமையல் ஆயம்மாள். போடிக்காரிதான், அன்னக்கொடிக்குத் தூரத்து உறவில் மதினி முறை. வாய் ஓயாத மனுசி. காலையில் அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்க, அன்னக்கொடி அடுப்படி வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து, மனசில் இருந்ததையெல்லாம் கொட்டினாள். கடைசியில், "அந்த மொதப் பாத்தியில என்னமோ இருக்கு மதினி. அத வெட்டுன நாள்ல இருந்தே," என்றாள்.

"என்னடி இருக்கு? பூப்பாத்தியில பூவு இருக்கும்," என்றாள் ஆயம்மாள். "எப்படித்தான் வெட்டுன?"

"ஆறும் ஒண்ணு போல ஆறடி இருக்கணும்னு சூப்பர்வைசரு சொல்லிட்டாரு. டேப்புக்கு எங்க போறது? இவருதான் வெளையாட்டா, 'நான் ஆறடி இருப்பேன், என் அளவுக்குக் கம்பு நடு'ன்னு தரையில மல்லாக்கப் படுத்துக்கிட்டாரு. தலைக்கு ஒண்ணு, காலுக்கு ஒண்ணு நட்டேன். அப்புறம் அந்த அளவுக்குக் கயிறு பிடிச்சு மிச்ச அஞ்சையும் வெட்டுனேன்."

"தல எந்தப் பக்கம் வச்சாரு?"

"தெக்க. அந்தப் பக்கந்தான மேடு."

கத்தி மெதுவானது. "ம். அப்புறம்?"

"அப்புறம் என்ன, திருக்கார்த்திகைக்கு எல்லா எடத்துலயும் விளக்கு வச்சேன். ஒண்ணு மிஞ்சிச்சு. அந்த மேட்டுல வச்சுட்டேன். அதுக்கு மறுநாதான் மண்ணுக்குள்ள நத்தை முட்டை பாத்தேன். ஜவ்வரிசி கணக்கா கொத்துக் கொத்தா. அதனால மொழங்கால் ஆழத்துக்குப் பறிச்சு எல்லாத்தையும் அள்ளிப்பிட்டு, அடியில கல்லுப்பக் கொட்டுனேன்."

"எம்புட்டு?"

"ரெண்டு படி. குழி நெடுக. செடி பட்டுப் போகும்னுதான் நெனச்சேன், ஆனா அதுலதான் நல்லா வந்துச்சு."

"மண்ணு தள்ளுனது யாரு?"

"நாந்தான். மம்பட்டி எங்கிட்ட இருந்துச்சு. அவரு சும்மா ஓரத்துல ஒக்காந்து, கையால மூணு தடவ அள்ளி..."

சொல்லும்போதே அவள் வாய் நின்றுவிட்டது. சொன்னது தன் காதிலேயே விழுந்துவிட்டது.

ஆயம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. "பால் ஊத்துனியா?" என்று கேட்டாள்.

"சாக்கப் பால்ல நனைச்சுப் போட்டா நத்தை ஓடி வரும்னு போன்ல ஒருத்தன் காட்டுனான் மதினி."

"எத்தனாம் நா?"

"மூணாம் நா. காலையில."

"அடிப்பாவி," என்றாள் ஆயம்மாள். "நம்ம ஆளுக பொதைக்கிறவகதான? எத்தன சாவுக்குப் போயிருப்ப? கண்ணு எங்கடி போச்சு ஒனக்கு?"

"நத்தைக்குத்தான் மதினி செஞ்சேன்!"

"மண்ணுக்கு அது தெரியுமா? ஆள அளந்தாச்சு. குழி வெட்டியாச்சு. தலைமாட்டுல விளக்கு. உப்பு. மூணு கை மண்ணு. பாலு. ஒண்ணு விடல நீ. ஆளு மட்டுந்தான் பாக்கி."

"இப்ப நான் என்ன செய்ய? சொல்லுங்க மதினி, என்னமாச்சும் சொல்லுங்க."

ஆயம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "செய்யிற மொறை எல்லாருக்கும் தெரியும்த்தா. செஞ்சதத் திருப்பி எடுக்கிற மொறை எவளுக்குத் தெரியும்? நான் கேட்டதே இல்ல." அன்று சாயங்காலமே மகளுக்கு முடியவில்லை என்று சொல்லிவிட்டு லோடு ஜீப்பில் கீழே இறங்கிவிட்டாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்னக்கொடிக்குத் தோன்றியது ஒரே ஒரு வழிதான். ஆளை அந்த மண்ணிலிருந்து தூரமாகக் கொண்டுபோய்விட வேண்டும். மறுநாள் காலையில் ஏலக்காய் ஏற்றிக்கொண்டு போடிக்கு இறங்கும் அருண்பாண்டியின் ஜீப்பை வழிமறித்து, அழகுமலையைக் கம்பளியோடு முன்சீட்டில் ஏற்றி, தானும் ஒண்டிக்கொண்டாள். "பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்ப்பா. வெரசாப் போ."

"மேகம் இறங்கிக் கெடக்குக்கா. பைய்யத்தான் போக முடியும்," என்றான் அருண்பாண்டி.

செக்போஸ்ட் தாண்டியது. பாதையில் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. பின்னால் மூட்டையிலிருந்து ஏலக்காய் வாசனை, எஞ்சின் சூடு, கண்ணாடியில் வழியும் பனி. முதல் கொண்டை ஊசி வளைவில் அழகுமலை அவள் தோளில் சாய்ந்தான். இரண்டாவதில் அவன் மூச்சு இழுத்தது. ஸ்வெட்டரைத் தாண்டி, கம்பளியைத் தாண்டி, அவன் குளிர் அவள் விலாவில் இறங்கியது. மூன்றாவது வளைவில் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். நாடி நூலாக ஓடியது. நான்காவதில் அதையும் தேட வேண்டியிருந்தது.

"ஏங்க. ஏங்க, பேசுங்க."

"அழுத்துது," என்றான்.

"எது?"

"நெஞ்சு மேல அம்புட்டும் மண்ணு. கண்ணுக்குள்ள விழுது புள்ள. திருப்பச் சொல்லு."

ஐந்தாவது வளைவில் அவன் குனிந்து வாந்தி எடுத்தான். அவள் முந்தானையை ஏந்தினாள். வந்தது சோறு இல்லை, தண்ணி இல்லை. கறுப்பு மண். ஈரமான, சூடான மண். அதற்குள் ஒரு கல்லுப்பு கரையாமல் மின்னியது.

"அக்கா, என்னக்கா இது?" அருண்பாண்டி பிரேக்கை மிதித்தான்.

"திருப்பு."

"ஆஸ்பத்திரிக்கு இன்னும்..."

"திருப்புடா! செத்துருவாரு, திருப்பு!"

ஏற ஏற நாடி திரும்பியது. செக்போஸ்ட்டில் கண்ணைத் திறந்தான். பங்களா வாசலில் தானாக இறங்கி நின்றான். அருண்பாண்டி வாடகையும் கேட்கவில்லை, ஒரு வார்த்தையும் பேசவில்லை. மூட்டையோடு அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அவள் தன் கையாலேயே அவனை அந்தப் பாத்தியைத் தாண்டி நடத்தி வீட்டுக்குள் கூட்டிப்போனாள். வேறு என்ன செய்ய முடியும்? கொண்டுபோனால் வழியில் சாவான். இங்கே வைத்திருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக. அவ்வளவுதான் அவளுக்கு இருந்த வித்தியாசம்.

அதற்கப்புறம் அவன் சாப்பிடவில்லை. தட்டை வைத்தால் பார்த்துக்கொண்டே இருந்தான். இருமல் இல்லை. கேலி இல்லை. கண்ணை மூடவே இல்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். அதுவும் அவன் குரல்தான், ஆனால் யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிக்கிற மாதிரி. இரண்டாம் நாள் அவள் பொறுக்க மாட்டாமல் அவன் நெஞ்சில் காதை வைத்தாள்.

ஒன்றும் கேட்கவில்லை.

வெகுநேரம் வைத்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவன் அவள் தலையைத் தடவினான்.

"என்ன தேடுற அன்னக்கொடி?"

பதினெட்டு வருசத்தில் அவன் அவளை முழுப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'புள்ள' என்பான், ஆசை வந்தால் 'அன்னம்' என்பான். அவள் மெல்லத் தலையை எடுத்துக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்து, வாசலுக்கு வந்து, கதவைச் சாத்தினாள். வெளியே தாழ்ப்பாள் கிடையாது. மம்பட்டியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

சாயங்காலம் ஆறு மணி. வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது. மேகம் தரையோடு தரையாக வந்து நின்றது. சூப்பர்வைசர் விஜயபாண்டி மறுநாள் வருகிற விருந்தாளிகளுக்குச் சாமான் வாங்க மூணாறு போயிருந்தார். பங்களாவில் ஆள் இல்லை. பாத்திக்குப் போகும் சிமிட்டிப் பாதை காலுக்கடியில் வழவழத்தது. அவள் குனிந்து பார்த்தாள்.

நத்தைகள். எங்கே இருந்துதான் இத்தனை வந்தனவோ. ஏலக்காட்டிலிருந்தும் ஓடையிலிருந்தும் சுவரைத் தாண்டியும் வந்து, முதல் பாத்தியைச் சுற்றி ஒன்றின் மேல் ஒன்றாக, கரை கட்டினாற்போல் நின்றன. எல்லாக் கொம்பும் உள்பக்கம் நீண்டிருந்தது. ஒன்றும் அசையவில்லை. ஒரு சாண் தூரம் அப்படியே இருந்தது.

காலால் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். ஓடுகள் நொறுங்கின. மம்பட்டியை ஓங்கி ஒரு வெட்டு வெட்டினாள்.

கீழே இருந்து ஒரு அலறல்.

அழகுமலையின் குரல். மண்ணுக்குள்ளிருந்து. வலியில்.

மம்பட்டி எங்கே விழுந்தது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. மண்டி போட்டு, தெற்குப் பக்கத்து மேட்டில் கையை விட்டாள். பூவைப் பிடுங்கி எறிந்தாள். வேர் வேராக அறுத்தாள். மண் கொதித்தது. நகம் பெயர்ந்தது. "இருங்க, வந்துட்டேன், இருங்க, வந்துட்டேன்." முழங்கை ஆழத்தில் விரலில் மயிர் சிக்கியது. நெற்றி. சூடான நெற்றி. வியர்வையில் மண் அப்பியிருந்தது. இரண்டு கையாலும் வழித்தாள். புருவம். மூக்கு. வாய் நிறைய மண். விரலை விட்டுத் தோண்டி எடுத்தாள். தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்தது.

மூச்சு வந்தது. இருமினான். அவன்தான். அய்யோ, அவனேதான்.

கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்து மண்ணில் இரண்டு கோடு போட்டது.

"அன்னம்," என்றான். "வெரசா."

"யாராச்சும் வாங்களேன்!" என்று கத்தினாள். மேகம் அந்தச் சத்தத்தை அப்படியே விழுங்கிக்கொண்டது. மார்பு இருக்கும் இடத்தில் மண் கல்லாக இறுகியிருந்தது. பக்கத்தில் பறித்தாள். ஒரு கை கிடைத்தது. வலது கை. அது அவள் கையைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. என்ன பிடி! என்ன சூடு! அவள் காலை உதைத்து ஊன்றி இழுத்தாள். ஒரு விரக்கடைகூட நகரவில்லை. கீழே ஏதோ அவனை அவளைவிட பலமாகப் பிடித்திருந்தது.

பின்னால் கதவு திறந்தது.

வெறுங்கால் நடை. சிமிட்டிப் பாதையில் ஒட்டி ஒட்டி எடுக்கும் சத்தம். அவசரமே இல்லை. மண்ணுக்குள் இருந்த கண் அவளைத் தாண்டி மேலே பார்த்தது. பார்த்து, விரிந்தது.

அவள் திரும்பவில்லை. திரும்பினால் கை விட்டுப்போகும்.

இடது தோளில் ஒரு உள்ளங்கை வந்து உட்கார்ந்தது. ஜாக்கெட்டைத் தாண்டி, தோலைத் தாண்டி, எலும்பு வரைக்கும் குளிர்ந்தது. அவன் கையைப் பிடித்திருந்த விரல்களைத் தவிர உடம்பு அப்படியே மரத்துப்போனது. கத்தப் பார்த்தாள். முடியவில்லை. எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"எந்திரி அன்னக்கொடி," என்றது அவனுடைய குரல், காதுக்குப் பக்கத்தில். "பாத்தி கெட்டுப் போகுது பாரு. நாளைக்கு ஆளுக வர்றாக."

அப்போது நத்தைகள் நகர்ந்தன. நான்கு பக்கமும் ஒரே நேரத்தில். அந்த ஒரு சாண் தூரத்தைத் தாண்டி மெதுவாக உள்ளே இறங்கின. முதலில் ஒன்று அவன் மயிரில் ஏறியது. நெற்றியில் மூன்று. கன்னத்தில். உதட்டில். அவனால் தலையை ஆட்ட முடியவில்லை. அவளால் தட்டிவிட முடியவில்லை. "அன்னம்" என்று வாய் திறந்தான். திறந்த வாய்க்குள் ஒன்று போனது.

அவள் கைக்குள் இருந்த அவன் சுண்டுவிரல் குளிர்ந்தது. அப்புறம் அதற்கடுத்த விரல். அவள் இறுக்கிப் பிடித்தாள். நடுவிரல் குளிர்ந்தது. ஆள்காட்டி விரல்.

தோளில் இருந்த கை மெல்ல மெல்லச் சூடேறியது. அது அவளை ஆசையாக ஒரு அழுத்து அழுத்தியது. பிடரியில் வெதுவெதுப்பாக முதல் மூச்சு பட்டது.

"இப்பத்தான் புள்ள," என்றது, "எனக்குக் குளிரு விட்டுச்சு."

அவள் கையில் கட்டைவிரல் ஒன்றுதான் இன்னும் சூடாக இருந்தது. அது அவள் உள்ளங்கையை விடாமல் சுரண்டிக்கொண்டிருந்தது.